கூட்டத்துக்கு முந்தைய வாரம்

புதிதாக ஓர் ஊராட்சிக்குள் நுழைந்தால் இந்த அம்மையார் முதலில் தேடிப் போவது டேங்க் ஆப்பரேட்டரை. தலைவரைப் பார்ப்பது பிறகுதான். மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுகிறவருக்குத்தான் அந்த ஊரில் யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்பது முழுசாகத் தெரியும். எந்தத் தெருவுக்குத் தண்ணீர் கடைசியில் போகிறது, எந்த ஷெட்டில் புதிதாகப் பையன்கள் வந்து தங்கியிருக்கிறார்கள், ஏரிக்கரையில் எத்தனை குடிசைக்குக் குழாயே கிடையாது என்று அவர் விரல்விட்டுச் சொல்லிவிடுவார். வாக்காளர் பட்டியலிலும் ரேஷன் கணக்கிலும் வீட்டுவரி ரசீதிலும் இல்லாத மனிதர்கள் தண்ணீர்க் கணக்கில் தப்பாமல் வந்துவிடுகிறார்கள்.

பென்னலூரில் குடியிருந்துகொண்டு, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்து ஊராட்சிகளில் கால் நூற்றாண்டுக்கு மேல் கிராம சபைப் பயிற்றுநராக வேலை பார்த்தவர் அந்த அம்மையார். தன் பெயர் வேண்டாம், வேலையைப் பற்றி எழுதினால் போதும் என்கிறார். சபையில் யாருடைய பேச்சு ஏறுகிறது, யாருடையது ஏறுவதே இல்லை, அதை ஏற்ற என்ன வழி என்பதுதான் அவருடைய தொழில். "கூட்டம் நடக்கிற அன்னைக்கு நம்ம கையில ஒண்ணும் இல்லீங்க. எல்லாம் முந்தின வாரமே முடிஞ்சிடும்" என்பார். அந்த முந்தின வாரத்தில்தான் அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் கழிந்திருக்கிறது.

அவர் இந்த வேலைக்கு வந்தது 1996 உள்ளாட்சித் தேர்தலை ஒட்டி. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி நடந்த முதல் தேர்தல் அது. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு, மக்கள்தொகை விகிதப்படி பட்டியல் சாதியினருக்கு என்று ஒதுக்கீடு வந்தது. மறைமலைநகரில் இருக்கும் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனத்தில் பயிற்சிக்கு வந்த பெண் தலைவர்கள் பலருக்குப் பக்கத்தில் கணவரோ அண்ணனோ உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி கேட்டால் பதில் அங்கிருந்து வரும். ஆண்களுக்குத் தனியாக வேறொரு அறையில் வகுப்பு என்று அவரும் சக பயிற்றுநர்களும் ஏற்பாடு செய்தார்கள். கதவு மூடியதும் பெண்கள் பேசத் தொடங்கியதை அவர் இன்றும் ஆசையோடு நினைவுகூர்கிறார்.

அந்த நம்பிக்கை நீடிக்கவிடாமல் 1997 ஜூனில் மேலவளவு வந்தது. மதுரை மாவட்டத்தில் தனி ஊராட்சியாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரின் தலித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகளில் 2006 வரை தேர்தலை முறையாக நடத்தவிடவில்லை. காஞ்சிபுரம் பக்கம் இந்த அளவுக்குப் போகவில்லை என்றாலும், காலனிக்காரர்கள் பள்ளிக்கூடத்து மதில் ஓரமாக நின்றே கிராம சபையைப் பார்த்துவிட்டுப் போன காலம் அது. உள்ளே வரச் சொன்னால், "பரவால்ல, இங்கயே கேக்குதும்மா" என்பார்கள். அழைப்பு போதாது என்பதை அந்த மதில் ஓரம் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது.

அவர் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது: நாற்காலிகளை அப்புறப்படுத்துவது. தலைவர், பி.டி.ஓ. அலுவலகத்திலிருந்து வரும் பற்றாளர், ஊர்ப் பெரியவர் எல்லோருக்கும் ஒரே ஜமுக்காளம். நாற்காலி இருந்தால் அதில் யார் உட்காரலாம் என்ற பழைய கணக்கும் கூடவே வந்துவிடும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் தரையில் உட்காரவைக்கப்பட்டு மற்றவர்கள் நாற்காலியில் அமர்ந்திருந்த படம் நாடெங்கும் பரவியபோது, பயிற்சி வகுப்புகளில் அவர் அந்தப் படத்தைக் காட்டிப் பேசினார். பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில் ஆத்துப்பாக்கத்துத் தலைவியை அதே ஆண்டு சுதந்திர தினத்தில் கொடியேற்றவிடவில்லை. பிறகு மாவட்ட ஆட்சியரே வந்து ஏற்றவைத்தார். நம் காலத்தில் நடந்தவை இவை.

இன்னொரு பக்கமும் உண்டு. பூந்தமல்லி தாண்டியதும் வரும் குத்தம்பாக்கத்தில் 1996இலும் 2001இலும் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளங்கோ ரங்கசாமி, வேதிப் பொறியாளர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பிய தலித் இளைஞர். அங்கே கட்டப்பட்ட சமத்துவபுரத்தில் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டை வீடுகள். ஒரு பாதியில் தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். தான் பயிற்சி கொடுக்கும் தலைவர்களை அந்த ஊருக்கு அழைத்துப்போய் வீட்டுக்காரர்களோடு பேசவிடுவது அம்மையாரின் வழக்கம். வகுப்பறையில் அவர் மணிக்கணக்காகப் பேசியும் அசையாத சிலர், அங்கே திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு வந்த பிறகு வேறு மாதிரி கேள்வி கேட்டார்கள்.

கூட்ட அறிவிப்புக்கு அப்போதெல்லாம் தண்டோராதான். அதை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறவர் காலனியைச் சேர்ந்தவராகவே இருப்பார். ஊர் முழுக்கக் கூட்டத்துக்கு அழைத்தவர், கூட்டத்தன்று மதில் ஓரத்தில் நிற்பார். 2022 ஆகஸ்டில் தண்டோரா வழக்கத்தையே நிறுத்தச் சொல்லித் தலைமைச் செயலர் இறையன்பு உத்தரவிட்டார். இப்போது ஆட்டோவில் ஒலிபெருக்கி போகிறது. நல்ல மாற்றம். ஆனால் ஆட்டோ ஏரிக்கரைக்குப் போவதில்லை, பாதை கிடையாது.

ஏரிக்கரையில் இருப்பவர்கள் இருளர்கள். இந்த வட்டாரத்து ஏரிகளின் கரைகளில் சிறு சிறு கூட்டமாகக் குடிசை போட்டிருக்கிறார்கள். மீன் பிடிப்பது, மரம் வெட்டுவது, நெல் அறுவடைக்குப் போவது, அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு போய்ச் சேர்வது என்று பிழைப்பு. தமிழ்நாட்டின் மிகவும் நலிந்த ஆறு பழங்குடிகளில் ஒன்றாக அரசு ஆவணம் அவர்களைக் குறிப்பிடுகிறது. அதே அரசின் கிராம சபை ஆவணங்களில் பல ஊர்களில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

காரணம் சுற்றிச் சுற்றி வரும். இருப்பது நீர்நிலைப் புறம்போக்கு, அதனால் பட்டா கிடைக்காது. பட்டா இல்லாததால் வீட்டு எண் இல்லை. எண் இல்லாததால் ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் இழுபறி. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் தர வேண்டும். அதற்கு விசாரணை, அலைச்சல், ஒரு நாள் கூலி இழப்பு. கிராம சபையின் உறுப்பினர் யார் என்று சட்டத்தைப் பார்த்தால், ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர். பட்டியலில் இல்லாதவருக்குக் கூட்டத்தில் கை தூக்கும் உரிமை கிடையாது.

ஓர் ஊராட்சியில் கூட்டத்துக்கு முந்தைய வாரம் அவர் மாலை நேரத்தில் ஏரிக்கரைக்குப் போனார். காலையில் போனால் கிழவிகளும் குழந்தைகளும் மட்டுமே இருப்பார்கள். அடுப்பு மூட்டும் நேரத்தில் போய் உட்கார்ந்தால் பெண்கள் வேலை செய்துகொண்டே பேசுவார்கள். "ஊருக் கூட்டத்துல எங்களுக்கு என்னாக்கா வேல? நாங்க சொன்னா யாரு எழுதப் போறா?" என்று ஒருத்தி கேட்டாள். எழுதுகிறவரிடமே போகலாம் என்று அவர் முடிவு செய்தார். அடுத்த நாள் ஊராட்சிச் செயலரோடு அரை நாள் உட்கார்ந்து, இருளர் குடியிருப்புக்கு மாற்று இடம் கேட்கும் தீர்மானத்தின் வாசகத்தைச் சர்வே எண்ணோடு எழுதி வாங்கினார். வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு நிற்க வேண்டுமானால் சர்வே எண் வேண்டும். 'ஏழைகளுக்கு இடம் வழங்கக் கோருதல்' என்று பொதுவாக எழுதப்பட்ட தீர்மானங்கள் எத்தனையோ பதிவேட்டோடு மக்கிப்போனதை அவர் பார்த்திருக்கிறார்.

பிறகு வரிசை. கிராம சபைக்கு அரசு அனுப்பும் பொருள்பட்டியல் நீளமானது: வரவு செலவு, தணிக்கை அறிக்கை, சுகாதாரம், குடிநீர், திட்டங்களின் முன்னேற்றம். மக்களுடைய கோரிக்கைகள் கடைசியில் 'இதர பொருட்கள்' என்ற தலைப்பில் வரும். அதற்குள் மணி ஒன்றாகிவிடும். கோரம் காட்ட அழைத்துவரப்பட்ட நூறு நாள் வேலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அவர் தலைவரிடம் பேசி, இருளர் தீர்மானத்தை வரவு செலவுக்கு அடுத்ததாக வைக்கச் செய்தார். வாக்காளர் அட்டை இருந்த இரண்டு இருளப் பெண்கள் மகளிர் குழுவினரின் நடுவில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் எழுந்து பேசத் துணிவு வராது என்பது அவர் அனுபவம். ஒருத்தி பேசினாள். தீர்மானம் நிறைவேறியது. இடம் கைக்கு வர ஆண்டுகள் ஆயின. ஆனால் அலுவலகங்களில் அந்தப் பெண்கள் ஏறி இறங்கியபோது கையில் காட்ட ஒரு தீர்மான நகல் இருந்தது.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த 42 இருளர்கள் மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் அதிகாரியின் காலில் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்தது. அப்போது ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பின், காஞ்சிபுரம் மாவட்ட ஊரக உள்ளாட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டும் தனி அலுவலர்கள். கிராம சபை நடந்தாலும் கேட்ட கேள்விக்கு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. எளியவர்களுக்குத்தான் அந்த ஐந்தாண்டும் பெரிய இழப்பு என்று அவர் அடித்துச் சொல்கிறார். வசதியுள்ளவன் அலுவலரை நேரில் பார்த்துவிடுவான்.

இதற்கிடையில் ஊரே மாறிவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் தயாரிக்கத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்து, 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் விரிந்துகொண்டே போனது. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தொழிலாளர் துறை 2015–16இல் எடுத்த கணக்கில் தமிழகத்தில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருந்தார்கள். அதில் முதலிடம் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு. வயல் வைத்திருந்தவர்கள் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். சில ஊராட்சிகளில் வாக்காளர்களைவிட வாடகைக்காரர்களே அதிகம்.

ஒரகடம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் உள்ளூர்க்காரர்கள் கொதித்துப்போயிருந்தார்கள். வடநாட்டுப் பையன்கள் குப்பையை வாய்க்காலில் கொட்டுகிறார்கள், வெட்டவெளியில் ஒதுங்குகிறார்கள் என்று புகார். கிராம சபையில் அவர்களைக் காலி செய்யச் சொல்லித் தீர்மானம் போட வேண்டும் என்று ஒரு கூட்டம் நின்றது. அவர் லைன் வீடுகளுக்குப் போனார். உடன் வந்து மொழிபெயர்க்க மேஸ்திரி தயாராக இருந்தார். வேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார். மேஸ்திரி மொழிபெயர்த்தால் பாதிப் புகார் காணாமல் போகும், ஏனென்றால் பாதிப் புகார் மேஸ்திரியைப் பற்றியதாக இருக்கும். ஊராட்சிப் பள்ளியில் படிக்கும் ஒடியச் சிறுமி ஒருத்தி தமிழைத் தண்ணீராகப் பேசினாள். பெரியவர்கள் சண்டையை ஒரு குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது என்று அவளையும் விட்டுவிட்டார். கடைசியில் மொபைல் ரீசார்ஜ் கடை வைத்திருந்த இளைஞர் கைகொடுத்தார். அவருக்கு யாரிடமும் கடன்பட்ட நிலை இல்லை, எல்லோருடைய நம்பரும் அவரிடம் இருந்தது.

பேசியதில் தெரியவந்தவை: இருபது அறைகளுக்கு இரண்டு கழிப்பறை. குப்பை வண்டி வருவது காலை ஒன்பது மணிக்கு. அப்போது முதல் ஷிப்டுக்காரர்கள் ஆலையில் இருப்பார்கள், இரவு ஷிப்டுக்காரர்கள் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பார்கள். குப்பையைக் கொடுக்க ஆளில்லை. ஊர்க்காரர்களின் கோபத்துக்கும் வந்தவர்களின் அவதிக்கும் வேர் ஒன்றுதான். கிராம சபையில் மகளிர் குழுத் தலைவி இதை எடுத்துச் சொன்னார். மாலையில் ஒருமுறை லைன் வீடுகளுக்கு வண்டி அனுப்புவது என்றும், கழிப்பறை கட்டாத வீட்டு உரிமையாளர்களுக்கு ஊராட்சி நோட்டீஸ் கொடுப்பது என்றும் தீர்மானம் வந்தது. காலி செய்யும் பேச்சு அதோடு அடங்கியது. பேசியவர் வாக்காளர், பேசப்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். இரவல் குரல் வாங்கித்தான் அவர்களுடைய விஷயம் சபை ஏறியது என்பது அவருக்கு நிறைவு தரவில்லை. சட்டம் இருக்கிற இருப்பில் வேறு வழியும் இல்லை.

"ஓட்டு இல்லாதவனுக்கு எதுக்கு ஊர்ப் பணம்?" என்று கேட்காத தலைவர் குறைவு. அதற்கு அவர் அறவுரை சொல்வதில்லை, கணக்கு சொல்வார். மத்திய நிதிக்குழு மானியத்தைப் பங்கிடும்போது பார்ப்பது பெரும்பாலும் மக்கள்தொகையை. அது வருவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து. கணக்கெடுக்க வருகிறவர் ஓட்டு எங்கே என்று கேட்பதில்லை, எங்கே குடியிருக்கிறாய் என்றுதான் கேட்பார். 2027 பிப்ரவரிக் கணக்கெடுப்பில் லைன் வீட்டுக்காரர்கள் விட்டுப்போகாமல் பதிவானால் அந்தத் தொகை ஊராட்சிக்குத்தானே? இந்த ஒரு வாதம் பல கதவுகளைத் திறந்திருக்கிறது.

பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவியபோது, இந்தப் பகுதியிலும் பலர் பயந்து ரயிலேறினார்கள். அதிகாரிகள் தங்குமிடங்களுக்கு ஓடினார்கள், இந்தியில் அறிவிப்பு கொடுத்தார்கள். அவசரத்தில் செய்ய வேண்டிய வேலைகள்தான் அவை. ஆனால் லைன் வீடுகளில் யாரிடம் பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள் என்ற விவரம் பல ஊராட்சி அலுவலகங்களில் இல்லை. குப்பை வண்டிக்காக ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்த ஊர்களில் ரீசார்ஜ் கடைக்காரர் மாதிரி ஒருவர் இருந்தார். அங்கே பதற்றம் சீக்கிரம் தணிந்தது.

இப்படி உட்கார்ந்து பேசுவதற்கு வேறு இடங்களில் விதியே உண்டு. ஜப்பானின் ஆலை நகரமான கவாசாகியில் 1996இலேயே வெளிநாட்டவர் பிரதிநிதிகள் சபை ஒன்றை நகராட்சிச் சட்டம் போட்டு அமைத்தார்கள். அதிகபட்சம் 26 பேர், இரண்டாண்டுப் பதவி, ஆண்டுதோறும் மேயருக்கு அறிக்கை. ஓட்டுரிமை இல்லாதவர்களுக்கு ஒரு மேடை. கேரளத்தில் பழங்குடியினருக்குக் கிராம சபைக்கு முன்பாக ஊருக்கூட்டம் என்று தனிக் கூட்டமே உண்டு. தமிழ்நாட்டில் அவரைப் போன்றவர்கள் சொந்த முயற்சியில் செய்துகொண்டிருக்கும் ஏரிக்கரைக் கூட்டத்தையும் லைன் வீட்டுக் கூட்டத்தையும் அரசு விதியாக்க என்ன தடை? பணம் பெரிதாகத் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

சின்னச் சின்னத் தடைகளைப் பற்றியும் அவர் நிறையச் சொல்வார். மதம் சார்ந்த இடத்தில் கூட்டம் கூடாது என்ற விதி நல்லது, பெரும்பாலும் கடைப்பிடிக்கப்படுகிறது. ஆனால் கிராம சபை கூடிய 2024 குடியரசு தினமும் 2025 சுதந்திர தினமும் வெள்ளிக்கிழமையில் வந்தன. பதினொரு மணிக் கூட்டத்தில் கபரஸ்தான் பாதை பற்றிய கோரிக்கை கடைசியில் இருந்தால், ஜும்மாவுக்குப் போக வேண்டியவர்கள் எப்படிக் காத்திருப்பார்கள்? அந்த நாட்களில் அவர்களுடைய பொருளை மேலே ஏற்றச் சொல்வார். படிக்கட்டு உள்ள கட்டடத்தில் கூட்டம் வைத்தால் தவழ்ந்து வருகிறவர் வர மாட்டார், மரத்தடி மேல். ஒவ்வோர் ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க 2025இல் சட்டத்திருத்தம் வந்தபோது அவர் மிகவும் மகிழ்ந்தார். அந்த உறுப்பினர் நிதி விவரங்களைக் கேட்டுப் பழகும்வரை உடனிருக்க வேண்டும் என்பது அவருடைய அடுத்த கவலை.

எல்லாவற்றிலும் பெரிய கவலை பெண்கள் விடுதிகள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்துவைத்த சிப்காட் குடியிருப்பில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். செலவு 706.50 கோடி ரூபாய். பத்தாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்குக் கிராம சபையின் கோரம் 300 பேர் என்பதை இதோடு வைத்துப் பார்த்தால் அளவு புரியும். இவர்கள் வெளிமாநிலத்தவர் மட்டும் இல்லை. தென்மாவட்டங்களிலிருந்தும் திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்தும் வந்த தமிழ்ப் பெண்களும் உண்டு. ஓட்டு சொந்த ஊரில். இருட்டில் இறங்கி நடக்கும் சாலை இங்கே. 2021 டிசம்பரில், வேறொரு விடுதியில் சாப்பாட்டால் உடல்நலம் கெட்டபோது, பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். நெடுஞ்சாலைக்கு முன்பே உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஓர் இடம் இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தனியார் விடுதிகளுக்கு அவர் போவார். வார்டன் முன்னால் யாரும் பேச மாட்டார்கள் என்பதால் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்வார். தெருவிளக்கு, பேருந்து நிறுத்தத்தில் நிழற்குடை, டாஸ்மாக் வழியாகப் போகாத மாற்றுப்பாதை, நாப்கின் எரியூட்டி. பெரும்பாலும் ஊராட்சியால் செய்யக்கூடியவை, அல்லது ஊராட்சி தீர்மானம் போட்டு மேலே அனுப்பக்கூடியவை.

தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கிராம சபை கூடும் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி நான்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலைகளுக்குக் கட்டாய விடுமுறை. 2022 முதல் சேர்க்கப்பட்ட மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய இரண்டும் வேலை நாட்கள். ஆறு கூட்டமானதில் அவருக்கு மகிழ்ச்சிதான். அந்த நவம்பர் 1ஆம் தேதியில்தான் 2022இல் நகரங்களிலும் முதல்முறையாகப் பகுதி சபைகள் கூடின, பம்மலில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். ஆனால் ஷிப்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்த நாளில் சபை எட்டாது. ஆலைகளின் நலத்துறை அதிகாரிகளைப் பார்த்து, அந்த இரண்டு நாட்களில் விருப்பமுள்ளவர்களுக்கு இரண்டு மணி நேர அனுமதி கேட்டு வருகிறார். சிலர் மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில், விடுதி இருக்கும் ஊராட்சிக்குப் பெயரை மாற்றிக்கொள்ள விரும்பும் பெண்களுக்குப் படிவம் 8 நிரப்பச் சொல்லிக்கொடுக்கிறார். சொந்த ஊர்ப் பட்டியலில் பெயர் போய்விடுமே என்று அவர்கள் தயங்குகிறார்கள். திருமணம், நிலம், சான்றிதழ் எல்லாம் அந்த ஊரோடு கட்டியிருக்கிறது, அந்தத் தயக்கம் நியாயமானது என்று அவரே சொல்கிறார், கட்டாயப்படுத்துவதில்லை. படிவங்களைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த விடுதிக்குப் போகிறார்.